டிராகனுக்கு ஒரு பெயர் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் வீவக (அரசாங்க அடுக்குமாடி) புளோக்குகளின் கீழ்த்தளங்களிலும் நம் இளையர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இருபது முகப் பகடையை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதை ஆட்டம் ஆடுவார்கள். இந்த ஆட்டத்தைத் தமிழிலேயே நடத்திப் பார்க்கும் குழுக்களும் உண்டு. ஊர், காடு, சந்தை, சத்திரம் எல்லாம் தமிழில் அழகாக வந்துவிடுகின்றன. டிராகன் வந்ததும் தமிழ் நின்றுவிடுகிறது. 'சிவப்பு டிராகன்' என்று சொல்லிவிட்டுப் பகடையை எடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் ஆங்கில நூலிலிருக்கும் பெயரை எழுத்துக்கூட்டித் தமிழில் எழுதிவிடுகிறார்கள். கதையிலேயே பெரிய உயிருக்குக் கதையிலேயே சப்பையான பெயர் அமைந்துவிடுகிறது. தமிழில் இதற்கு எவ்வளவு வசதி இருக்கிறது என்பதை ஆட்டம் நடத்தும் இளையர்களுக்கும் அவர்களுக்கு உதவும் ஆசிரியர்களுக்கும் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் நம் ஊர்க் கல் ஒன்று. சிங்கப்பூரின் கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாயிலில் ஒரு பாறை கடலுக்குள் துருத்திக்கொண்டு நின்றது. சீன மாலுமிகள் அதை லோங் யா மென் என்றார்கள். டிராகன் பல் வாயில் என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த பயணி வாங் தாயுவானின் குறிப்பிலும் அந்தப் பெயர் இருக்கிறது. மலாய்க்காரர்களுக்கு அது பத்து பெர்லாயார், பாய்விரித்த கல். ஆங்கிலேயர்கள் விவிலியத்தில் உப்புத்தூணாகிப் போன பெண்ணை நினைத்து 'லோத்தின் மனைவி' என்று அழைத்தார்கள். 1848இல் கப்பல் வழியை அகலமாக்க அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். லாப்ரடார் பூங்காவில் இப்போது நிற்பது 2005இல் வைத்த மாதிரி.

ஒரு கல்லுக்கு மூன்று பெயர். எந்தப் பெயரைச் சொன்னாலும் சொன்னவர் யார், அவர் எதைக் கண்டு வளர்ந்தவர் என்பது தெரிந்துவிடுகிறது. ஆட்டத்தில் டிராகனுக்குப் பெயர் வைக்கும் முறையும் இதுதான். 'இதன் பெயர் என்ன' என்று கேட்டால் ஒரு பெயர்தான் வரும். 'மீனவர் இதை எப்படிச் சொல்வார், வேட்டைக்காரர் எப்படிச் சொல்வார், இதைக் கும்பிடுபவர் எப்படிச் சொல்வார்' என்று கேட்டால் நாலைந்து பெயர் தானாக வரும். ஒவ்வொரு பெயரிலும் ஆடுபவர்களுக்குப் பயன்படும் ஒரு செய்தி இருக்க வேண்டும். செய்தி இல்லாத பெயர் ஆட்டம் நடத்துநரின் குறிப்பட்டையில் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

பொதுப்பெயரை எடுத்துக்கொள்வோம். யாளி என்று வைக்கலாமே என்பவர்கள் உண்டு. கூடாது. யாளி, சங்கப் பாடல்களில் வரும் ஆளி, யானையையே கொல்லும் விலங்கு. கோயில் தூண்களில் நிற்பதும் சிங்க உடம்புதான். அதற்குச் செதிலும் இல்லை, தீ மூச்சும் இல்லை. கடல்நாகம் என்பது இங்கே பலருக்கும் பழகிய சொல். ஆனால் எரிமலையில் வாழும் ஒன்றை அப்படிச் சொன்னால் ஆடுபவர்கள் படகு தேடக் கிளம்பிவிடுவார்கள். வலுசர்ப்பம் தமிழ் விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் சொல். கம்பீரமானதுதான், ஆனால் அங்கே அது சாத்தானைக் குறிக்கிறது, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு அந்தப் பொருளே காதில் விழும். நல்ல டிராகனுக்கு அது ஒட்டாது. ஆகவே விதிகளைப் பேசும்போது எல்லாருக்கும் தெரிந்த 'டிராகன்' என்ற சொல்லே இருக்கட்டும். கதைக்குள் பேசும் எந்தப் பாத்திரமும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம். இந்த ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது நிறம். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் வழிவந்த பகுப்பையே இங்கு பெரும்பாலான குழுக்கள் பின்பற்றுகின்றன. நிற டிராகன் ஐந்து: கறுப்பு அமிலம் உமிழும், நீலம் மின்னல், பச்சை நச்சுப்புகை, சிவப்பு தீ, வெள்ளை கடுங்குளிர். இவை தீயவை. உலோக டிராகன் ஐந்து: பித்தளையும் பொன்னும் தீ, வெண்கலம் மின்னல், செம்பு அமிலம், வெள்ளி குளிர். இவை நல்லவை. ஆங்கிலத்தில் இந்தப் பத்துப் பெயரும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. தமிழில் அப்படியே பெயர்த்தால் குழம்பும்.

வெள்ளை, வெள்ளி இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் குளிரை உமிழ்பவை, அதனால் மூச்சை வைத்தும் பிரித்தறிய முடியாது. ஆனால் ஒன்று ஊரை அழிக்கும், மற்றது ஊரைக் காக்கும். மலைக்குகையில் 'வெள்ளி' இருக்கிறது என்று நடத்துநர் சொன்னதை 'வெள்ளை' என்று கேட்டுக்கொண்டு, உதவிக்கு வந்த டிராகன்மேல் முதல் அம்பை விட்டுவிட்டால் மூன்று மணி நேர ஆட்டம் அங்கேயே சரிந்துவிடும். சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்கு வெள்ளி என்றால் டாலர். 'வெள்ளியைக் கண்டுபிடித்தால் ஆயிரம் வெள்ளி' என்ற வாக்கியம் மேசையில் உருப்படியாகப் போய்ச் சேராது. வெண்கலம் என்பதில் 'வெண்' என்று தொடங்கியதுமே ஒருவர் குளிர்க் கவசத்தை எடுத்துவிடுவார், வந்து விழுவது மின்னல். செம்புக்கும் செந்நிறத்துக்கும் இதே கதி: தீக்குத் தயாராகி அமிலத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

நிறத்தோடு நாகத்தைச் சேர்த்தால் சரியாகுமா என்றால் அதுவும் ஆகாது. கருநாகம் என்றால் நிஜப் பாம்பு. பசுமையோடு நாகம் சேர்ந்தால் பைந்நாகம் என்று வரும். ஆனால் பை என்பதற்குப் பழந்தமிழில் பாம்பின் படம் என்று பொருள். திருப்பல்லாண்டில் 'ஐந்தலைய பைந்நாகம்' என்பது படமெடுத்த காளியனைத்தான். பாசுரம் தெரிந்த பிள்ளைக்குப் படமெடுத்து ஆடும் பாம்பு கண்முன் வரும். டிராகனுக்குப் படமே கிடையாது.

நிறத்தை விட்டுவிட்டு உடம்பு, மூச்சு, குணம் இவற்றிலிருந்து பெயரை எடுப்பது நல்லது. நீல டிராகனின் மூக்கின்மேல் பெரிய கொம்பு உண்டு. மின்கொம்பன் என்றால் கேட்டவுடன் உருவமும் ஆபத்தும் சேர்ந்து வருகின்றன. கோயில் மணி வார்ப்பது வெண்கலத்தில். வெண்கல டிராகனை மணிநா என்று அழைத்தால் உலோகம் சொல்லாமலே தெரியும், இடியோசையும் கூட வரும். பித்தளை டிராகன் பேச்சுப்பிரியம் உள்ளது, தீ உமிழ்வது; குத்துவிளக்கை நினைத்து விளக்குநாவன் என்னலாம். செம்பு டிராகனுக்கு விடுகதையும் வேடிக்கையும் பிடிக்கும். விடுகதையான் என்று ஊரார் பெயர் வைத்திருப்பார்கள். வெள்ளி டிராகனுக்கு நிலாச்செதில். வெள்ளைக்குப் பனிப்பல். சிவப்புக்கு அழல்வாயன். இவை எதுவும் ஒன்றோடொன்று குழம்பாது.

இனி ஒரே டிராகனுக்குப் பல பெயர் வைக்கும் வழி. இதற்குத் தேவையான பகுப்பை நன்னூல் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. முதலாவது சபையில் சொல்லக் கூச்சப்படுவதை மறைத்துச் சொல்வது. நமக்கு இங்கே வேலையில்லை. மற்ற இரண்டும் டிராகனுக்கென்றே செய்ததுபோல் இருக்கின்றன.

மங்கலம் என்பது அச்சமும் அமங்கலமும் தரும் ஒன்றை நல்ல சொல்லால் சொல்வது. கடித்தால் ஆளைக் கொல்லும் பாம்புக்கு நாம் வைத்திருக்கும் பெயர் நல்ல பாம்பு. இரவில் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்லாமல் பூச்சி என்பார்கள், கயிறு என்பார்கள். கொள்ளைநோய்க்கு அம்மை என்று தாயின் பெயர். காட்டுக்குள் போகும் மலாய்க்காரர்கள் புலியை டத்தோ, அதாவது தாத்தா, என்பார்கள். பயம் மிகுந்தால் உறவுமுறை வரும் என்பதுதான் இங்கே விதி. டிராகனுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஊர் அதைப் 'பேரழிவு', 'கொடூரன்' என்றெல்லாம் அழைக்காது. அப்படி அழைப்பது தூரத்தில் இருக்கும் நகரம். பக்கத்து ஊர் 'தாத்தா' என்னும், 'பெரியவர்' என்னும், 'நல்லவர்' என்னும். பெயர் எவ்வளவு பணிவாக இருக்கிறதோ அவ்வளவு அருகில் குகை இருக்கிறது என்று ஆடுபவர்கள் கணக்குப் போடலாம்.

குழூஉக்குறி என்பது ஒரு தொழிற்கூட்டம் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதையும் வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதையும் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். டிராகன் வேட்டைக்காரருக்கு எது முக்கியம்? மூச்சு எந்த வடிவில் வருகிறது என்பது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி கறுப்பு, நீலம், பித்தளை, வெண்கலம், செம்பு ஐந்தும் நேர்கோட்டில் உமிழும். பச்சை, சிவப்பு, வெள்ளை, பொன், வெள்ளி ஐந்தும் கூம்பாக விரித்து உமிழும். வேட்டைக்காரர் முதல் வகையை 'வேல்' என்பார், இரண்டாவதை 'விசிறி' என்பார். இந்த இரண்டு சொல்லைத் தெரிந்துகொண்ட குழு பிழைத்துக்கொள்ளும்: வேல் என்றால் வரிசையாக நிற்காதே, பக்கவாட்டில் பரவி நில், விசிறி என்றால் கிட்டத்தில் கும்பலாக நிற்காதே. ஒட்டுக்கேட்ட ஒரு சொல் உயிரைக் காக்கிறது என்றால் அடுத்த முறை ஆடுபவர்கள் ஒவ்வொரு பெயரையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

இனிப் பட்டப்பெயர். இதில் நம்மிடம் இருக்கும் செல்வம் பெரிது. கங்கைகொண்ட சோழன், கடாரம் கொண்டான், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவன் என்று இடமும் செயலும் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும். அச்சு மிக எளிது: இடம், வினை, பெயர். 'பயங்கரமான', 'மகா', 'அதிபயங்கர' போன்ற வெற்று அடைகளைத் தவிர்த்து, நடந்த ஒரு செயலைப் போட வேண்டும். 'கொண்டான்' பிடித்ததைச் சொல்லும், 'தந்தான்' மீட்டுத் தந்ததைச் சொல்லும், 'எறிந்தான்' அழித்ததைச் சொல்லும். இறந்துபோன டிராகனுக்கும் சங்க மரபில் வழி இருக்கிறது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று இறந்த இடத்தை வைத்தே அரசனைக் குறித்தார்கள். 'உப்பளத்துத் துஞ்சிய மின்கொம்பன்' என்று ஒரு கல்வெட்டில் இருந்தால் எலும்பும் புதையலும் எங்கே என்று தெரிந்துவிடும்.

மெய்க்கீர்த்தி இன்னும் பயனுள்ளது. முதலாம் இராசராசன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசன் செய்த வெற்றிகளை வரிசையாகப் பாடி, கடைசியில் ஆட்சியாண்டைச் சொல்வார்கள். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ஆண்டு ஏற ஏற நீண்டுகொண்டே போனது. 1025இல் நடந்த கடற்படையெடுப்புக்குப் பின் ஸ்ரீவிசயமும் கடாரமும் அதில் வந்து சேர்ந்தன. டிராகனுக்கும் அப்படியே செய்யலாம். முதல் அமர்வில் இரண்டு வரி. அது ஓர் ஊரை அழித்தால் மூன்றாம் வரி. ஆறு வரிக்கு மேல் போகக் கூடாது, வாசிக்க இருபது நொடிக்கு மேல் ஆனால் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

ஒன்றைச் செய்தே காட்டுகிறேன். ஆற்றுமுகத்துக் கண்டற்காட்டில் வாழும் ஒரு கறுப்பு டிராகன். சதுப்புநிலம்தான் கறுப்பு டிராகனின் இயல்பான இருப்பிடம். காட்டை வர்ணிக்கச் சுங்கை பூலோ மரநடைபாதையில் ஒருமுறை நடந்துவிட்டு வந்தால் போதும்: மூச்சுவேர்கள் குத்திட்டு நிற்கும் சேறு, பால் வடியும் தில்லை மரம். தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். மலாயில் அந்த மரம் பூத்தா பூத்தா, குருடு என்று பொருள். அமிலம் உமிழும் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான மரம் இல்லை. தில்லை என்ற சொல்லை மட்டும் டிராகனின் பெயரில் சேர்க்க வேண்டாம், அது சிதம்பரத்தைச் சேர்ந்தது.

இதன் மெய்க்கீர்த்தி:

கழிநீர் கறுப்பக் கண்டல்வேர் நடுங்க
எழுகலம் விழுங்கி இருகரை வளைத்துக்
குன்றுறழ் கோட்டை ஒருமூச்சில் கரைத்து
வலைஞர் பாக்கம் வரியிறுத்து நிற்க
வீற்றிருந்து அருளிய கண்டற்காடு கொண்டார்க்கு
யாண்டு 320 ஆவது

கேட்பவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது? ஏழு கப்பலின் சரக்கு குகையில் இருக்கிறது. 'கரைத்து' என்பதால் தீயல்ல, அமிலம். மீனவர் கப்பம் கட்டுகிறார்கள். ஆகவே வழிகேட்டால் பொய் சொல்லலாம். டிராகனுக்கு ஆட்சியாண்டே வயது என்று கொண்டால் வயது 320. ஐந்தாம் பதிப்பில் 5 வயதுவரை குஞ்சு, 6 முதல் 100 வரை இளையது, 101 முதல் 800 வரை வளர்ந்தது, அதற்கு மேல் முதியது. எனவே இது வளர்ந்த கறுப்பு டிராகன். அமிலம் 60 அடி நீளம், 5 அடி அகலத்தில் பாயும். ஒரு கல்வெட்டைப் படித்ததில் இவ்வளவும் கிடைத்துவிட்டது.

இதே டிராகனை மீனவர்கள் 'கண்டல் தாத்தா' என்கிறார்கள். வேட்டைக்காரர்களின் குறி 'ஈரக்கரி வேல்'. ஊர்ப்பெயர் இறவூட்டி. இந்தக் கடைசிப் பெயருக்குள்தான் முடிச்சு இருக்கிறது, சற்று விளக்க வேண்டும்.

டிராகன்களுக்குத் தங்களுக்கென்று ஒரு தொன்மையான மொழி உண்டு என்பது இவ்வகை ஆட்டங்களில் வழக்கம். உண்மைப்பெயர் அந்த மொழியில் இருக்கும். அதைத் தெரிந்தவருக்குப் பிடி கிடைக்கும். ஆங்கிலத்தில் இதற்கு எக்ஸ், இசட் எழுத்துகளையும் மேற்கோள் குறிகளையும் அள்ளித் தெளிப்பார்கள். நமக்கு அது வேண்டாம். தமிழில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை சொல்லுக்கு முதலில் வாரா. க், ச், ட், த், ப், ற் சொல்லுக்குக் கடைசியில் நில்லா. உண்மைப்பெயர் வேண்டுமென்றே இந்த இரண்டு விதியையும் மீறட்டும். இலக்கணம் படிக்காத பிள்ளைக்கும் அது மனிதர் வைத்த பெயர் அல்ல என்று காதே சொல்லிவிடும். நம் டிராகனின் உண்மைப்பெயர் றவூட்.

ஊரார் வாயில் அது அப்படியே நிற்குமா? இராமன், உலோகம் என்று நாம் செய்வதுபோல முன்னால் ஓர் உயிரைச் சேர்ப்பார்கள், பின்னால் ஓர் உயிரைக் கொடுத்து இழுப்பார்கள். இறவூட்டி ஆகிவிட்டது. பிறகு அதற்குப் பொருளும் கண்டுபிடிப்பார்கள். இறவு என்றால் பழந்தமிழில் இறால்; கழிமுகத்து இறாலுக்குத் தீனி போடுபவர் என்று வலைஞர் சொல்வார். இறவு என்றால் இறப்பும்தான். சாவை ஊட்டுபவர் என்று நகரத்துப் புலவர் சொல்வார். இரண்டும் தவறு. முன்னும் பின்னும் ஒட்டிய உயிர்களை உரித்தெடுக்கத் தெரிந்த குழுவுக்குத்தான் உண்மைப்பெயர் கிடைக்கும். இந்த முடிச்சை ஒரு குழுவுக்கு ஒருமுறைதான் போடலாம். இரண்டாம் முறை எல்லாப் பெயரையும் உரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பெயர்களை ஒரே நாளில் கொட்டிவிடுவதுதான் நடத்துநர்கள் செய்யும் பெரிய பிழை. நான்கு பெயர் கேட்டவர்கள் நான்கு டிராகன் இருப்பதாக நினைத்துவிடுவார்கள். ஓர் அமர்வுக்கு ஒரு பெயர் போதும். இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு சொல் பொதுவாக இருக்கட்டும். மேலே கண்டல் தாத்தாவையும் கண்டற்காடு கொண்டாரையும் கண்டல் கட்டிவைக்கிறது. ஈரக்கரியில் கறுப்பும் ஈரமும் இருப்பதால் அதுவும் வந்து சேர்ந்துகொள்ளும். பகடை உருட்டித் தெரிந்துகொள்வதென்றால், 10 வந்தால் ஊர்ப்பெயர், 15க்குப் பட்டப்பெயர், 20க்கு வேட்டைக்காரர் குறி என்று வைக்கலாம். உண்மைப்பெயரைப் பகடைக்குக் கொடுக்காதீர்கள். அது ஆடுபவர்கள் யோசித்து எடுக்க வேண்டியது.

பரம்பரைக்கு ஒரு வழி. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாறிமாறிச் சூடினார்கள். இராசராசன் இராசகேசரி, மகன் இராசேந்திரன் பரகேசரி. உங்கள் டிராகன் குலத்துக்கும் இப்படி இரண்டு பட்டம் வையுங்கள். அடுத்தடுத்து வந்ததாகச் சொல்லப்படும் இரண்டு டிராகன்களுக்கு ஒரே பட்டம் இருந்தால், நடுவில் ஒன்றை யாரோ மறைத்திருக்கிறார்கள்.

குஞ்சுக்குப் பெயர் தேடித் தடுமாறுபவர்களுக்குத் தொல்காப்பியம் கைகொடுக்கிறது. மரபியலில் இளமைப்பெயர் ஒன்பது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இவற்றில் பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்றுக்கு உரியவை. தவழ்பவற்றுக்கும் அவையே என்று அடுத்த நூற்பா. டிராகன் பறக்கும், தவழும். எப்படிப் பார்த்தாலும் இந்த இரண்டும்தான். நாகப்பிள்ளை என்றால் ஆள் பெயர்போல் இருக்கும், ஆகவே பார்ப்பு. குட்டி டிராகன் என்று எழுதுவதைவிட 'அழல்வாயன் பார்ப்பு' என்று எழுதிப் பாருங்கள், வேறு உலகமே திறக்கும். ஆனால் சிறகுடையவற்றின் ஆணைச் சேவல் என்னலாம் என்ற மரபை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். இன்று அந்தச் சொல் கோழியோடு ஒட்டிவிட்டது. நான்கு காலும் இரு சிறகும் உள்ளதை வைவர்ன் என்ற இரண்டு கால் டிராகன் வகையிலிருந்து பிரிக்க 'நாற்காலி' என்று வைப்பதும் ஆகாது. நாற்கால் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயருக்கு அடுத்தபடி வினைமுற்று. இதை யாரும் கவனிப்பதில்லை என்பது பெரிய குறை. ஆங்கிலத்தில் டிராகன் 'வந்தது', 'வந்தான்', 'வந்தார்' எல்லாம் ஒரே வினை. தமிழில் வாயைத் திறந்தாலே திணை தெரிந்துவிடும். வேட்டைக்காரர் 'ஈரக்கரி வந்திருச்சு' என்பார். மீனவப் பெண் 'தாத்தா வந்துட்டாரு' என்பார். கும்பிடும் கூட்டம் 'கண்டற்காடு கொண்டார் எழுந்தருளினார்' என்னும். டிராகன் தன்னை 'யாம்' என்னும். மனித உருவெடுத்துச் சந்தையில் திரியும் வெள்ளி டிராகன் 'நான்' என்றே பேசிக்கொண்டிருந்து, கோபம் வந்த ஒரு நொடியில் 'யாம் சொன்னோமே' என்று நழுவவிட்டால் மேசையில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். இதற்கு நடத்துநர் முன்கூட்டியே அட்டையில் குறித்துவைக்க வேண்டும்: எந்தக் கூட்டம் 'அது', எந்தக் கூட்டம் 'அவர்'. குறிக்காவிட்டால் பாதியில் 'அவன்' என்று வாய்தவறும்; ஆடுபவர்கள் அதையும் ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு தவறான குகைக்குப் போவார்கள்.

ஓசையையும் பார்க்க வேண்டும். வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசும் பிள்ளைகளிடம் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுவதுண்டு. வாலி, வாளி, வாழி என்று பெயர்களை அடுத்தடுத்து வைத்தால் பிரித்தறிய முடியாது. அழல்வாயன் இருக்கும் கதையில் அலைவாயன் வேண்டாம். கூப்பிடும் பெயர் ஆறேழு எழுத்துக்குள் இருக்கட்டும், நீளமெல்லாம் பட்டத்துக்கு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆதிசேடன், வாசுகி, கார்க்கோடகன், நாகாத்தம்மன் ஆகிய பெயர்களைக் கொல்லப்பட வேண்டிய டிராகனுக்கு வைக்காதீர்கள். அந்த அமெரிக்க ஆட்டம் பாபிலோனியக் கடல்தெய்வமான தியாமத்தின் பெயரை ஐந்துதலை டிராகனுக்கும், அரபு அண்டவியலில் உலகைத் தாங்கும் பெருமீனான பாகமூத்தின் பெயரைப் பிளாட்டின டிராகனுக்கும் எடுத்துக்கொண்டது. அவற்றுக்கு இன்று விளக்கேற்றுபவர் இல்லை. நாகருக்குப் பால் ஊற்றும் பாட்டி நம் புளோக்கிலேயே இருக்கிறார். சீன லோங்கும் அப்படித்தான்: மழை தருவது, மங்கலமானது, பெரும்பாலும் சிறகில்லாதது, புதையல்மேல் படுத்துக் கிடப்பதில்லை. நான்கு கடலுக்கும் நான்கு டிராகன் அரசர்கள், நால்வருக்கும் ஆவ் என்பதே குடும்பப் பெயர். உங்கள் மேசையில் சீன நண்பர் இருந்தால் லோங்கை வில்லனாக்கும்முன் அவரைக் கேளுங்கள். நல்ல பட்டப்பெயரும் அவரிடமே கிடைக்கும். பகாங்கின் தாசேக் சினி ஏரிக்கதையில் வரும் நாகா ஸ்ரீ குமும் பெயரில் உள்ள ஸ்ரீ, நம் திருவுக்கு இணை. மலாய் நிலத்து டிராகனுக்கு அந்த முன்னொட்டு அழகாகப் பொருந்தும். அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள், ஐயா. மங்கலச் சொற்கள் ஏட்டில் இருப்பதைவிடப் பெரியவர்கள் வாயில்தான் அதிகம். இரவில் பாம்பைப் பூச்சி என்றதுபோல், முதலையை, புலியை, சூறைக்காற்றை, கொள்ளைநோயைப் பெயர் சொல்லாமல் எப்படிக் குறித்தார்கள் என்பது கம்பத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் தமிழகத்துக் கடற்கரையிலும் வளர்ந்த வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். மாணவர் பக்கத்தில் வாரம் கால் பத்தி ஒதுக்கி, சொல், அது வழங்கிய ஊர், சொன்னவர்கள் செய்த தொழில் மூன்றையும் சேர்த்து வெளியிட்டால் ஆட்டம் நடத்தும் இளையர்கள் அதை வெட்டி எடுத்து அட்டையில் ஒட்டிக்கொள்வார்கள். தொழிலைக் கட்டாயம் போடுங்கள். வலைஞர் சொல்லை வேட்டைக்காரர் வாயில் வைத்துவிட்டால் துப்பு தவறிப்போகும்.

இப்படிக்கு,
தமிழில் கதை ஆட்டம் நடத்தும் ஒரு வாசகர்,
தோ பாயோ